நான் பிரிண்ட் போட்ட நோட்டீஸும் நான் குடித்த பொடியும்

பாலக்கோட்டில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. பட்டா, சிட்டா, வருமானச் சான்று, காலேஜ் அப்ளிகேஷன், காதுகுத்துக்கு பேனர் டிசைன் என்று எது வந்தாலும் செய்வேன். காலை ஒன்பதுக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் இரவு எட்டுக்குத்தான் எழுந்திருப்பது. வீட்டுக்காரர் தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறார். விடியற்காலையில் கிளம்பிப் போகிறவர், ஒல்லி. நான் அவருக்கு நேர்மாறு. 2025 தொடக்கத்தில் 86 கிலோ இருந்தேன். உயரம் 156 சென்டிமீட்டர், வயது 43.

அந்த வருடம் சித்திரையில் எனக்கு அண்ணி முறையாகும் ஒருவர் கடைக்கு வந்து தான் விற்கும் எடை குறைக்கும் பொடிக்கு 500 நோட்டீஸ் வேண்டும் என்றார். வாட்ஸப்பில் எழுதி அனுப்பியிருந்தார். "30 நாளில் 10 கிலோ! ஊசி வேண்டாம், மாத்திரை வேண்டாம், பட்டினி வேண்டாம். 100 சதவீதம் மூளிகை." மூளிகையை மூலிகையாக்கியது நான்தான். தலைப்பில் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுக்கிற படம் போடச் சொன்னார். தகடூர் (தர்மபுரியின் பழைய பெயர்) மண்ணின் ரகசியமாம். படத்தைத் தேடியெடுத்து, பின்னணியில் பச்சை இலை வைத்து, நன்றாகவே செய்து கொடுத்தேன். ஔவை நீண்ட நாள் வாழட்டும் என்றுதான் அதியமான் அந்தக் கனியைக் கொடுத்தான். இடுப்பு குறைய அவள் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் இதெல்லாம் அன்றைக்குத் தோன்றவில்லை. 500 தாளையும் எண்ணிக் கட்டுக் கட்டும்போது "ஊசி வேண்டாம்" என்ற வரியிலேயே கண் நின்றது.

ஏனென்றால் அதற்கு இரண்டு வாரம் முன்புதான் தர்மபுரியில் ஒரு டாக்டரிடம் எடை குறைக்கும் ஊசியைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்திருந்தேன். பெங்களூரில் வேலை செய்யும் அக்கா மகன் போட ஆரம்பித்திருந்தான். டிர்செபடைடு என்ற மருந்து, மௌஞ்சாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. வந்த புதிதில் 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். வாரத்துக்கு ஒன்று. அப்படியென்றால் முதல் மாதமே 14,000, அப்புறம் 17,500. என் கடை வாடகையே அதில் கால்வாசிதான்.

டாக்டர் மழுப்பவில்லை. "உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு பார்க்கிற பி.எம்.ஐ. உங்களுக்கு 35. நம்ம ஆளுங்களுக்கு 25 தாண்டினாலே பருமன்னுதான் கணக்கு. சர்க்கரை இன்னும் வரலை, ஆனா மூணு மாச சர்க்கரைச் சராசரி காட்டுற எச்பிஏ1சி 6.2, அதாவது வாசல்ல நிக்குது. ஊசி உங்களுக்குப் பொருந்தும். முடியுமான்னு நீங்கதான் சொல்லணும்" என்றார். எனக்கு ஆறு வருடமாகத் தைராய்டு மாத்திரை. தைராய்டு இருப்பவர்கள் இந்த ஊசி போடக் கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டேன். அவர் தலையசைத்து மறுத்தார். தைராய்டைப் பொறுத்தவரை, மெடுல்லரி என்ற ஒரு வகைத் தைராய்டு புற்றுநோய் தனக்கோ குடும்பத்தில் யாருக்கோ வந்திருந்தால்தான் இது ஆகாது. என்னுடையது சுரப்புக் குறைவு, அது வேறு கதை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், என் கடைக்கு வரும் நாலு பேராவது இதே சந்தேகத்தை என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

மருந்து வேலை செய்யும் விதத்தையும் சொன்னார். சாப்பிட்டதும் நம் குடல் ஜி.எல்.பி.-1 என்று ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. போதும் என்று மூளைக்குச் சொல்வதும், வயிற்றிலிருந்து சாப்பாடு இறங்குவதை மெதுவாக்குவதும் அதன் வேலை. உடம்பு சுரப்பது இரண்டு நிமிடத்துக்குள் பாதிக்குமேல் அழிந்துபோகும். ஊசியில் வருவது அதைப் போலவே வேலை செய்து, ஒரு வாரம் நிற்கும்படி உருவாக்கியது. வீகோவி என்று விற்கிற செமாகுளூடைடும் இதே வகை. அதை 68 வாரம் போட்டுப் பார்த்த ஆய்வில் சராசரியாக எடையில் 14.9 சதவீதம் குறைந்தது; மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். எனக்குக் கணக்குப் போட்டால் 86-ல் கிட்டத்தட்ட 13 கிலோ. வாந்தி, குமட்டல், மலச்சிக்கல் பலருக்கு வரும், பித்தப்பைக் கல், கணையத் தொந்தரவு சிலருக்கு வரலாம், நிறுத்தினால் எடை திரும்பும் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

"இயற்கையா எதாவது இருக்குங்களா டாக்டர்?"

"நார்ச்சத்து, பருப்பு, பயறு சாப்பிட்டா உடம்பே அந்த ஹார்மோனைக் கொஞ்சம் கூடுதலா சுரக்கும்மா. ஆனா அது தீக்குச்சி. கிழிச்சா வெளிச்சம் வரும். அதுல களி கிண்ட முடியாது."

நன்றாகத்தான் சொன்னார். நான்தான் பாதியைக் காதில் வாங்கவில்லை. வெளிச்சம் வரும் என்றாரே, அதைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். இரண்டு வாரத்தில் அண்ணி வந்தார். நோட்டீஸுக்கு ஆன பணத்தில் 200 குறைத்துக்கொண்டு ஒரு டப்பா வாங்கினேன். 2,400 ரூபாய்.

பொடி பழுப்பும் பச்சையுமாக இருக்கும். காய்ந்த புல் வாசனை. ஸ்பூன் பொடிக்குள் புதைந்திருக்கும், விரல் விட்டுத் தோண்டி எடுக்க வேண்டும். காலையில் வெந்நீரில் ஒரு ஸ்பூன். முதல் வாய் புளிப்பு, விழுங்கியபின் நாக்கின் அடியில் ஒரு கசப்பு, அது மத்தியானம்வரை போகாது. இரண்டாம் நாளிலிருந்தே பசி காணாமல் போனது. அத்தை (என் மாமியார்) தட்டில் களி உருண்டையை வைத்துக் கொள்ளுக் கடைசலை ஊற்றினால், யாரோ கல்லை எடுத்து வைத்த மாதிரி பார்த்துக்கொண்டிருப்பேன். அதுவரை சாப்பாட்டைப் பார்த்து எனக்கு ஒன்றுமே தோன்றாமல் இருந்த நாள் கிடையாது. அதிசயம் என்றே நினைத்தேன்.

மூன்று வாரத்தில் 82.1. அண்ணி போட்டோ கேட்டார், அடுத்த நோட்டீஸில் போட.

வாய் பஞ்சாகக் காய்ந்தது. இரவில் தூக்கமில்லை. இரண்டு மணிக்குத் தக்காளி லாரி ஒவ்வொன்றாகப் போவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். நெஞ்சு, பஸ்ஸைப் பிடிக்க ஓடியவள் மாதிரி, சும்மா படுத்திருக்கும்போதே அடிக்கும். அண்ணியிடம் சொன்னால், "உடம்புல இருக்கிற கழிவெல்லாம் வெளிய வருதும்மா. அப்படித்தான் இருக்கும், நிறுத்திடாத" என்றார். அவரைத் திட்டி எழுத மனமில்லை. அவரும் அதே பொடியைத்தான் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு மேலே ஒருவர், அவருக்கும் மேலே ஒருவர். யாருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

என்னைக் காப்பாற்றியது அத்தைக்கு மாத்திரை கொண்டுவரும் பெண். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், சாமனப்பள்ளி என்ற ஊரில்தான் தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை அத்தைக்குச் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அந்தப் பெண் அத்தைக்கு பிரஷர் பார்த்துவிட்டு, "நீங்களும் கைய நீட்டுங்கக்கா, மூஞ்சியே சரியில்ல" என்றாள். 162-க்கு 104. நாடித் துடிப்பு 112. மிஷின் கெட்டுவிட்டது என்றேன். பத்து நிமிடம் உட்கார வைத்து மறுபடியும் பார்த்தாள். 160-க்கு 102.

"நாளைக்குன்னு வெக்காதீங்கக்கா. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தவர் சின்ன வயது பெண் டாக்டர். "வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். தைராய்டு மாத்திரை மட்டும் என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. பொடி மருந்து என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் விடாமல், "பொடி, லேகியம், டீ, ஷேக், எதாவது?" என்று கேட்டபோதுதான் வாய் திறந்தேன். டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார்.

அவர் டப்பாவைப் பார்த்த விதம் எனக்கு மறக்காது. முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகத் திருப்பினார். தயாரித்தவர் முகவரி இருக்கிறதா? இல்லை, "மார்க்கெட்டிங்" என்று ஒரு செல் நம்பர் மட்டும். பேட்ச் நம்பர்? இல்லை. உணவுச் சத்துப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண் இருக்க வேண்டும். சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் மருந்து உற்பத்தி உரிம எண் இருக்க வேண்டும். இரண்டும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு "அரிய மூலிகைகள்" என்று ஒரு வரி. அளவு எதுவும் கிடையாது.

சிபுட்ரமின் என்று ஒரு மருந்து இருந்ததாம். பசியை அடக்கும். பிரஷரை ஏற்றும், நெஞ்சைப் படபடக்க வைக்கும், வாயைக் காய வைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும். மாரடைப்பு, பக்கவாதம் கூடுகிறது என்று தெரிந்து 2010-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுத்தார்கள், 2011-ல் இந்தியாவில் தடை. தடை செய்த மருந்து போன இடம் "மூலிகை" டப்பாக்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எடை குறைக்கும் மூலிகைப் பொருள்களைச் சோதித்தபோது இது பலமுறை அகப்பட்டிருக்கிறது. பேதி மருந்து, நீர் பிரிக்கும் மருந்துகூடக் கலந்திருப்பதுண்டு. "உங்க டப்பால அது இருக்குன்னு லேப்ல பார்க்காம நான் சொல்லக் கூடாது. ஆனா இலை தழை சாப்பிட்டு ரெண்டாம் நாளே பசி செத்துப்போகாதும்மா. அவ்வளவு வேகமா வேலை செஞ்சா சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க."

நிறுத்தினேன். பத்து நாளில் பிரஷர் 132-க்கு 84-க்கு இறங்கியது. கல்லீரல் டெஸ்ட்டும் எழுதிக் கொடுத்தார், அது தப்பித்தது. பசி வட்டியோடு திரும்பி வந்தது. ஒரு மாதத்தில் 85. அண்ணி இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

அதன்பிறகு எனக்கு ஒரு வெறி வந்தது. உரிமமே இல்லாத டப்பாவை விடு, ஊர் உலகத்தில் எல்லோரும் சொல்கிற இயற்கைப் பொருள்களில் எதில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று. கடையில் இன்டர்நெட் இருக்கிறது, டாக்டரிடம் கேட்கக் கூச்சம் போயிருந்தது.

கார்சீனியா என்று மாத்திரை வருகிறதே, அது குடம்புளி. கேரளாக்காரர்கள் மீன் குழம்பில் போடுவது. நான் முதலில் அதைக் கொடுக்காப்புளி என்று நினைத்து, வேலியில் பறித்துத் தின்றதற்கா இவ்வளவு விலை என்று சிரித்தேன். எங்கள் பக்கம் கோணப்புளியங்காய் என்போமே, அது வேறு மரம். குடம்புளிச் சத்தை 12 வாரம் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 1998-லேயே வந்துவிட்டது. மருந்தில்லாத வெறும் மாத்திரை தின்றவர்களைவிட ஒன்றும் கூடுதலாகக் குறையவில்லை. கல்லீரல் பாதித்த சம்பவங்கள் மட்டும் பதிவாகியிருக்கின்றன. குழம்பில் போடுங்கள், மாத்திரையாக வேண்டாம். கிரீன் டீயும் அப்படித்தான். டீயாகக் குடித்தால் தொந்தரவில்லை, பிரமாதப் பலனும் இல்லை. அதன் சத்தைப் பிழிந்து அடைத்த மாத்திரையில் இருக்கும் இ.ஜி.சி.ஜி. என்ற பொருள், நாளுக்கு 800 மில்லிகிராமைத் தொட்டால் கல்லீரலைத் தொடலாம். ஆப்பிள் சிடர் வினிகருக்கு ஆதாரமாக எல்லோரும் காட்டிய 2024-ம் வருட ஆய்வைப் பத்திரிகையே 2025 செப்டம்பரில் வாபஸ் வாங்கிவிட்டது. கணக்கு சரியில்லையாம். பல்லின் எனாமலும் தொண்டையும்தான் மிச்சம்.

பெர்பெரின் கொஞ்சம் வேறு. இணையத்தில் இதை இயற்கை ஊசி என்றே கூப்பிடுகிறார்கள். நம் மரமஞ்சளில் இருக்கும் மஞ்சள் சத்து அது. இதில் விஷயம் இருக்கிறது, சர்க்கரையையும் கொழுப்பையும் ஓரளவு குறைக்கிறது. ஆனால் எடை என்று பார்த்தால் சராசரி இரண்டு கிலோ பக்கம். வேறு மருந்துகளின் அளவை உடம்பில் ஏற்றிவிடும், கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் ஆகவே ஆகாது. சர்க்கரை மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கலாம். வேலை செய்கிற பொருள் எதுவானாலும் அது மருந்துதான், மருந்துக்குரிய பயம் அதற்கும் வேண்டும். நான் வாங்கவில்லை.

நாட்டு மருந்துக் கடைக்கும் போனேன். கடைக்காரர் நல்லவர், அப்பா காலத்துப் பழக்கம். நிலாவரையை எடுத்துக் காட்டி, "இது பேதிக்குத்தான்மா. ரெண்டு நாள் தராசு குறைச்சுக் காட்டும். போனது தண்ணி. எடை குறையணும்னு தினமும் வாங்குற பிள்ளைங்களுக்கு நான் கொடுக்கிறதில்ல" என்றார். எடை குறைய வெங்காரம் கேட்டும் வருகிறார்களாம். அது போராக்ஸ், உள்ளுக்குச் சாப்பிட்டால் விஷம். வீடியோவில் யார் சொன்னாலும் சரி. அவரிடம் நான் வாங்கி வந்தது வெந்தயம் அரை கிலோ, இசப்கோல் ஒரு பாக்கெட். மொத்தம் 200 ரூபாய்கூட ஆகவில்லை.

இந்த இரண்டிலும் நான் பட்ட பாடு தனி. இசப்கோல் என்பது ஒரு விதையின் உமி. தண்ணீரை உறிஞ்சி கஞ்சிப் பசையாக ஊதும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் குடித்தால் வயிறு பாதி நிறைந்த மாதிரி இருக்கும். அவ்வளவுதான் அதன் மாயம். முதல் நாள் அரை டம்ளர் தண்ணீரில் கலக்கி, டைப் அடித்துக்கொண்டே மெதுவாகக் குடித்தேன். டம்ளரிலேயே கூழாகிவிட்டது. விழுங்கினால் நெஞ்சுக்குழியில் உட்கார்ந்துகொண்டது. கீழேயும் போகாது மேலேயும் வராது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு ஸ்பூனுக்கு ஒரு பெரிய சொம்பு டம்ளர், 250 மில்லி, கலக்கியவுடன் மடமடவென்று குடித்து, மேலே இன்னொரு டம்ளர் வெறும் தண்ணீர். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, பாக்கெட்டில் பொடி எழுத்தில் இருந்தது.

வெந்தயம் செய்த வேலை இதைவிட நைசானது. விடியற்காலை ஐந்தரைக்குத் தைராய்டு மாத்திரை. இரவே ஊற வைத்த வெந்தயத்தை, வெறும் வயிற்றில்தான் நல்லது என்று சொல்கிறார்களே, ஒரே வேலையாக முடித்துவிடலாம் என்று அந்தத் தண்ணீரிலேயே மாத்திரையை விழுங்கி, வெந்தயத்தையும் மென்றுவிடுவேன். மூன்று மாதம். ஐப்பசியில் டெஸ்ட் எடுத்தால் டி.எஸ்.எச். (தைராய்டு சுரப்பு குறையும்போது ஏறும் அளவு) 11.8. அதற்கு முன்பு 4-க்குள் இருந்தது. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்ட பேனாவை எடுத்தவர், நிறுத்தி, "எதோட சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

வெந்தயத்திலும் இசப்கோலிலும் இருக்கும் கொழகொழப்பான நார், மாத்திரையைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும். ரத்தத்துக்கு வருவது மிச்சம்தான். எடை குறைய என்று நான் செய்தது, எடை கூட வைக்கும் தைராய்டுக் குறைவைப் பெரிதாக்கியிருக்கிறது. அன்றிலிருந்து மாத்திரை வெறும் தண்ணீரோடு மட்டும், காப்பிக்கு ஒரு மணி நேர இடைவெளி. வெந்தயம் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன், இசப்கோல் ராத்திரி. இரண்டு மாதத்தில் டி.எஸ்.எச். 3.6, மாத்திரையின் அளவு மாறாமலேயே. சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் வெந்தயத்தைக் கைப்பிடியாகச் சாப்பிடத் தொடங்கும்முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தாளிப்பில் போடுவதற்கு யாரும் அனுமதி கேட்க வேண்டாம்.

சரி, எது உதவியது?

அத்தையின் அடுப்பு. சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அதுதான். "இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பதைச் சொல்லிக்கொண்டே அவர் வாரம் மூன்று நாள் கொள்ளுக் கடைசல் செய்வார். நான் அதைத் தொட்டுக்கொள்ள மட்டும் வைத்துக்கொண்டு சோற்றை மலையாகக் குவிப்பேன். கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் என்பதெல்லாம் சும்மா. கொள்ளில் 100 கிராமுக்கு 22 கிராம் அளவு புரதம், 8 கிராம் அளவு நார். அதைச் சாப்பிட்டால் சீக்கிரம் பசிக்காது, அடுத்த வேளை அள்ளிப் போட மாட்டோம். கரைவது அப்படித்தான். இப்போது மத்தியானம் கடைசல் ஒரு கிண்ணம் முழுக்க, களி சின்னதாக. சூடு என்று அத்தை மோர் கொடுப்பார். வாயுத் தொல்லை முதல் இரண்டு வாரம் இருந்தது, கடையில் கொஞ்சம் அவஸ்தைப்பட்டேன், அதற்குமேல் விவரிக்க வேண்டாம்.

களியைப் பற்றியும் ஒரு மயக்கம் இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் 2023-லிருந்து ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம். கேழ்வரகு என்றால் எடை குறையும் என்று எல்லோரும் அடித்துச் சொல்வார்கள். 100 கிராம் மாவில் கலோரி 320-க்குப் பக்கம், அரிசியில் 350-க்குப் பக்கம். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. வித்தியாசம் நாரில்தான்: அங்கே 11 கிராம், தீட்டிய அரிசியில் 3-ஐத் தொடாது. ஆனால் அதே மாவைச் சல்லடையில் நைசாகச் சலித்து, பால், சர்க்கரை போட்டுக் கஞ்சியாகக் குடித்தால் அது எடை குறைக்கும் உணவே இல்லை. அத்தை துடுப்பால் கிண்டி, ஈரக் கையால் உருட்டி வைக்கும் உருண்டை முன்பு சின்னத் தேங்காய் அளவு இருந்தது. "இவ்வளவு வேண்டாம், பாதி போதும்" என்று நான் சொன்ன முதல் நாள் அவர் முகம் சுருங்கிவிட்டது. மருமகள் சாப்பிடவில்லை என்றால் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். இப்போது ஆரஞ்சுப் பழ அளவு. அதற்குப் பழக எங்கள் இருவருக்குமே ஒரு மாதம் ஆனது.

இன்னொன்று டீ. யாரும் இதை விற்க முடியாது என்பதால் யாரும் சொல்வதில்லை. எதிரில் டீக்கடை. எனக்கு மட்டும் ஒரு நாளைக்கு ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஒரு நாள் சும்மா உட்கார்ந்திருந்தபோது எக்ஸெல்லில் போட்டுப் பார்த்தேன். நாளைக்கு 60 கிராம். மாதம் 1 கிலோ 800 கிராம். தராசில் அந்த அளவு சர்க்கரையைக் கொட்டி வைத்தும் பார்த்தேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "பாயசத்துக்கா?" என்றார். இப்போது இரண்டு டீ, சர்க்கரை இல்லாமல். டீ மாஸ்டர் இன்னும் மறந்துபோய்ப் போட்டுவிடுகிறார்.

காலையில் பள்ளி மைதானத்தில் 40 நிமிடம் நடக்கிறேன். மழைக் காலத்தில் பாதி நாள் போகவில்லை.

2026 பொங்கலுக்கு 78.5 கிலோ. முதலிலிருந்து கணக்கிட்டால் ஏழரை கிலோ, கிட்டத்தட்ட 9 சதவீதம். எச்பிஏ1சி 5.8. ஐந்து முதல் ஏழு சதவீதம் குறைந்தாலே சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு நன்றாகக் குறையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதனால் அவருக்குச் சந்தோஷம். எனக்கு அரை மனதுதான். 65 ஆக வேண்டும் என்று ஒரு பழைய ரவிக்கை பீரோவில் காத்திருக்கிறது. கடந்த மூன்று மாதமாகத் தராசு அசையவில்லை.

அக்கா மகன் 112-லிருந்து 96-க்கு வந்தான். முதல் இரண்டு மாதம் வாந்தி. அக்கா போனில் அழுவார், "பையன் ரசஞ்சோறுகூட இறங்கலைங்கிறான்" என்று. பிறகு பழகியது. டிசம்பரில் வேலை மாறியபோது பணக் கஷ்டத்தில் டாக்டரைக் கேட்காமல் தானே நிறுத்தினான். "சித்தி, பசி ஒரு வாரத்துல கதவை உடைச்சுக்கிட்டு வந்துடுச்சு" என்றான். 102-ல் நிற்கிறது. செமாகுளூடைடு ஆய்விலும் இதைத்தான் பார்த்திருக்கிறார்கள்: நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அதைச் சொல்லி ஊசியைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அத்தை பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷரும்தான் திரும்பி வரும். அதற்காக மாத்திரையை யாரும் மோசடி என்பதில்லை.

நான் ஊசி வேண்டாம் என்று முடிவெடுத்தவள் இல்லை. செமாகுளூடைடின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரைதான், அதன்பின் நம் கம்பெனிகளும் தயாரிக்கலாம், விலை இறங்கும் என்று டாக்டர் அப்போது சொல்லியிருந்தார். அடுத்த முறை போகும்போது மறுபடியும் கேட்பேன். ஊசி போட்டாலும் கொள்ளும் களியும் விடப்போவதில்லை. சாப்பாடு குறையும்போது புரதம் போதாவிட்டால் கொழுப்போடு சதையும் சேர்ந்து கரையும் என்று அவர் எச்சரித்திருக்கிறார். விலை குறைந்தால் வேறொரு தொல்லையும் வரும். டாக்டர் சீட்டில்லாமல் ஜிம்மிலும் பியூட்டி பார்லரிலும் ஊசி என்று நோட்டீஸ் வரும். அதையும் என்னிடம்தான் அடிக்க வருவார்கள்.

நோட்டீஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. 1954-ம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது, மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்க. அதன் பட்டியலில் சர்க்கரை நோய் இருக்கிறது, பருமனும் இருக்கிறது. இந்த நோய்களைக் குணப்படுத்துவேன் என்று மருந்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது. அப்படிப்பட்ட விளம்பரத்தை வெளியிடுவதில் யாரும் எந்தப் பங்கும் எடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. எந்தப் பங்கும். மூளிகையை மூலிகையாக்கியது என்ன பங்கு என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.

போன மாதம் ஒருவர் பைக்கில் வந்தார். ஆயிரம் நோட்டீஸ், கலர், எடை குறைக்கும் சூரணம். "உரிம நம்பர் கொடுங்கண்ணா, கீழே போட்டுடறேன்" என்றேன். எதுக்கும்மா அதெல்லாம் என்றார். டப்பா இருந்தால் காட்டுங்கள் என்றேன். பையிலிருந்து எடுத்தார். திருப்பிப் பார்த்தேன். ஒரு செல் நம்பர் மட்டும் இருந்தது. "இன்ஸ்பெக்டரா நீங்க, இல்ல ஜெராக்ஸ் கடையா?" என்று கேட்டுவிட்டு டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் காலை என் கடை ஷட்டரில் அந்த நோட்டீஸ் செருகியிருந்தது. அடுத்த தெருவில் அடித்திருக்கிறார். ஔவையும் அதியமானும் இதிலும் இருந்தார்கள். நான் செய்த அதே டிசைன்.